மகள் எடுத்த இன்டர்வியூ

மின்விசிறித் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் ‘ஸ்டோர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். சாமான் அறைக்குப் பொறுப்பாக இருந்தவர். கம்பி போட்ட ஜன்னலுக்கு உள்ளே அவர், வெளியே சீட்டோடு ஒரு ஆள். “பேரிங் இருக்கா ஸ்டோர்?” “இருக்கு.” “பெரிய போல்ட்டு?” “நாளைக்கு வா.” அவருடைய பேச்சு பெரும்பாலும் இவ்வளவில் முடிந்துவிடும். மேலாளர் முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரை அதற்குமேல் அவரிடம் கேட்க யாருக்கும் தோன்றியதில்லை. அவருக்கும் சொல்லத் தோன்றியதில்லை. வீட்டுக்கு வந்தால் மனைவி இருந்தாள். அவள் பேசுவாள், இவர் ‘ம்’ கொட்டுவார். காலம் அப்படியே ஓடிவிட்டது.

மனைவி போய்ச் சேர்ந்து சில வருஷங்களாகிவிட்டன. ஒரே மகள் கல்யாணமாகி, புருஷனோடு வேறு நாட்டில் இருக்கிறாள். அங்கே ஒரு பெரிய ஆபீஸில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை. தொழிற்சாலையையும் முதலாளிகள் போன வருஷம் இடம் மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இளவட்டங்களைக் கூடவே அழைத்துப் போனார்கள். ஐம்பத்தாறு வயதுக்காரருக்கு ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுத்து, கையைக் குலுக்கி அனுப்பிவைத்தார்கள்.

முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. கொல்லைக் குழாயைச் சரிசெய்தார், அலமாரிக்கு வண்ணம் அடித்தார், துருப்பிடித்த தாழ்ப்பாளையெல்லாம் கழற்றி எண்ணெய் விட்டு மாட்டினார். பிறகு செய்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று ஏதோ கேட்க, இவர் பதில் சொல்ல வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்ல வேண்டியிருந்தது. அப்போதுதான் யோசித்துப் பார்த்தார்: நேற்றுக் காலையிலிருந்து அவர் யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பால் கடையிலாவது பேசியிருக்கலாம். ஆனால் கடைக்காரர் இவரைத் தூரத்தில் பார்த்ததுமே பாக்கெட்டை எடுத்து நீட்டிவிடுவார். ரொம்ப நல்ல மனுஷன், வாயைத் திறக்கவே விடமாட்டார்.

மகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவாள். அதற்கும் ஒரு வாய்பாடு உண்டு. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, உடம்பு எப்படி இருக்கு, சரிப்பா வைக்கட்டுமா. அந்த ஞாயிற்றுக்கிழமை ‘வைக்கட்டுமா’ வருவதற்குள் இவர் குறுக்கே புகுந்துவிட்டார்.

“பாப்பா, ஏதாவது வேலைக்குப் போகலாம்னு பார்க்கறேன்.”

முப்பது வயதைத் தாண்டியும் அவள் அவருக்குப் பாப்பாதான்.

“எதுக்குப்பா? பணம் ஏதாவது குறையுதா?”

“அதெல்லாம் இல்ல. கையைக் கட்டிக்கிட்டு எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருக்கறது.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “சரி. இன்டர்வியூன்னு போனா என்ன பேசுவீங்க?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுவேன்.”

“முதல் கேள்வியே உங்களைப் பத்திச் சொல்லுங்கன்னுதான் கேட்பாங்க. எங்க, சொல்லுங்க பார்ப்போம்.”

“என்னைப் பத்தி உனக்குத் தெரியாதா?”

“நான் இப்ப உங்க பொண்ணு இல்ல. மேனேஜர்.”

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “வணக்கம் மேடம்,” என்றார். பெயரைச் சொன்னார், அப்பா பெயரைச் சொன்னார், பிறந்த ஊர், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், அதில் இருப்பவர்கள் யார், இல்லாதவர்கள் யார் என்று போய்க்கொண்டிருந்தபோது மகள் நிறுத்தினாள்.

“அப்பா, அவங்க என்ன பொண்ணா குடுக்கப்போறாங்க? பிறந்தது வளர்ந்தது எல்லாம் எதுக்கு?”

“பின்ன என்ன சொல்றது?”

“என்ன வேலை தெரியும், இதுவரைக்கும் என்ன செஞ்சீங்க, அவங்ககிட்ட எதுக்கு வந்திருக்கீங்க. மூணே விஷயம். ஒரு நிமிஷத்துக்குள்ள முடிச்சிடணும். அதுக்கு மேல போனா அவங்க தலையாட்டிட்டே வேற எதையாவது யோசிக்க ஆரம்பிச்சிடுவாங்க. நான் அப்படித்தான் செய்வேன்.”

அவர் மறுபடி ஆரம்பித்தார். “ஏதோ ஃபேன் கம்பெனியில ஸ்டோர்ல இருந்தோம். நாங்க மூணு பேரு. சாமான் வரும், கொடுப்போம். அவ்வளவுதான்.”

மறுமுனையில் மகள் பெருமூச்சு விட்டது கேட்டது.

“அப்பா, இந்த ‘ஏதோ’வைத் தூக்கிப் போடுங்க. ‘அவ்வளவுதான்’ சொல்லவே கூடாது. அப்புறம் ‘நாங்க நாங்க’ன்னு சொல்றீங்களே, வேலை மூணு பேருக்குமா கேட்கறீங்க? ‘நான்’னு சொல்லுங்க.”

“அது ஒரு மாதிரி இருக்கு பாப்பா. பீத்திக்கற மாதிரி.”

“இருந்தா இருக்கட்டும். நாளைக்குக் கூப்பிடறேன். ஒரு பத்துத் தடவை சொல்லிப் பார்த்து வைங்க.”

நாளைக்குக் கூப்பிடறேன் என்றாள். நாளை திங்கட்கிழமை. போனை வைத்துவிட்டு அவர் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

சொன்னபடி கூப்பிட்டாள். அவள் ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்து சமைக்கிற நேரம், இங்கே விளக்குப் போடுகிற நேரம். இனிமேல் முகம் பார்த்துப் பேச வேண்டும், போனை எதிரே நிறுத்திவையுங்கள் என்றாள். அவர் சாப்பாட்டு மேஜையில் சர்க்கரை டப்பாவில் அதைச் சாய்த்துவைத்தார். அவளும் தன் போனை எதிலோ சாய்த்திருந்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்த சமையலறையும் அதில் காய் நறுக்கும் மகளும் தெரிந்தார்கள். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமைக் குரலில் அது தெரிந்ததே இல்லை.

“கையை எங்க வைக்கறீங்க? மடியில வைங்க. மூக்கைத் தொடாதீங்க. ம், சொல்லுங்க சார், உங்களைப் பத்தி.”

அவர் சொன்னார். அவள் திருத்தினாள். போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுக்கிற மாதிரி சொல்லாதீங்க என்றாள். மறுநாள், மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி இருக்கு என்றாள். அதற்கு மறுநாள், பரவாயில்லை, ஆனால் உங்க மூஞ்சியில சிரிப்பே இல்லை என்றாள். சிரித்துக் காட்டினார். “வேண்டாம்ப்பா, முந்தினதே தேவலை,” என்றாள். இருவருமே சிரித்துவிட்டார்கள்.

முதல் இன்டர்வியூ ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில். எதிரே உட்கார்ந்திருந்த இளைஞர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே “சொல்லுங்க சார்” என்றார். இவர் நடுவழியில் ஒரு வரியை மறந்துவிட்டார். அதைத் தேடிப் பிடிப்பதற்குள் அந்த இளைஞர் “ஓகே சார், சொல்லி அனுப்பறோம்” என்று எழுந்துவிட்டார். சொல்லி அனுப்பவில்லை. இரண்டாவது ஒரு புத்தகக் கிடங்கு. அங்கே இவர் முழுசாகச் சொல்லிமுடித்தார். பிறகுதான் அவர்களுக்கு வேண்டியது வண்டி ஓட்டத் தெரிந்த ஆள் என்று தெரிந்தது.

மகளுக்கு வேகம் வந்துவிட்டது. விட்டேனா பார் என்று நின்றாள்.

“வெறுமே சாமான் கொடுத்தேன்னு சொன்னா போதாது. நீங்க செஞ்ச ஒரு காரியத்தைச் சொல்லணும். அதைக் கேட்டதும் இந்த ஆளை விடக் கூடாதுன்னு தோணணும். யோசிங்க.”

“அப்படி ஒண்ணும் செய்யலையே.”

“இத்தனை வருஷத்துலயா? சும்மா யோசிங்கப்பா.”

அவர் யோசித்தார். மேஜை விரிப்பின் சுருக்கத்தை விரலால் நீவிவிட்டுக்கொண்டே சொன்னார். “ஒரு தடவை பெருமழை. கம்பெனிக்குள்ள தண்ணி வந்துடுச்சு. மோட்டார் பெட்டியெல்லாம் கீழ் ரேக்ல இருந்தது. கூட இருந்த ரெண்டு பேரும் மழைக்கு முன்னாடியே கிளம்பிட்டாங்க. நான் ஒருத்தனா எல்லாத்தையும் மேல ஏத்தினேன். முழங்கால் தண்ணி. ஒரு பெட்டிகூட நனையல. முதலாளி மறுநாள் வந்து பார்த்துட்டு, சரின்னு சொன்னாரு.”

“இதை நீங்க சொன்னதே இல்லையே. எப்ப நடந்தது?”

“நீ ரெண்டாவது படிக்கறப்ப. உங்க ஸ்கூல் ஆண்டு விழா அன்னிக்குத்தான்.”

நறுக்குகிற சத்தம் நின்றது. அவள் கத்தியைக் கையில் பிடித்தபடி போனைப் பார்த்தாள்.

“நான் பட்டாம்பூச்சி வேஷம் போட்டேனே, அன்னிக்கா?”

“ஆமா.”

“நீங்க வரவே இல்லன்னு நான் ரெண்டு நாள் சாப்பிடல. அம்மா எதுவுமே சொல்லலையே.”

“அம்மாவுக்கு என்மேல கோபம். சட்டையெல்லாம் சேறு. எதுக்கு, யாருக்குன்னு கேட்டா. நான் என்ன பதில் சொல்ல.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு, “ரெக்கையெல்லாம் ஜிகினா ஒட்டியிருந்தது,” என்றாள். அவரைக் குற்றம் சொல்கிற தொனி இல்லை. வெறும் தகவலாகச் சொன்னாள். “சரி, இந்த மழைக் கதையை அப்படியே சொல்லுங்க. நல்லா இருக்கு.”

அதற்குப் பிறகு இன்டர்வியூப் பயிற்சி எங்கெங்கோ போக ஆரம்பித்தது. ஒரு கேள்வி கேட்பாள், அதிலிருந்து ஒரு பழைய கதை வரும். ஜன்னலில் யாராவது இல்லாத சாமானைக் கேட்டால் என்ன செய்வீர்கள் என்றாள். “இல்லைன்னு மட்டும் சொல்லி அனுப்ப மாட்டேன். எப்ப வரும்னு சொல்லி அனுப்புவேன். அவன் மறுபடி மறுபடி நடக்கக் கூடாது இல்ல,” என்றார். “இது, இதைத்தான்ப்பா சொல்லணும்,” என்று துள்ளினாள். அப்புறம் அவள் தன் ஆபீஸைப் பற்றிச் சொன்னாள். நேர்காணலுக்கு வந்த ஒருவன் பதற்றத்தில் தண்ணீர் கிளாஸை அவள் மடியில் கவிழ்த்த கதை. அவள் புருஷன் பாதி நாள் வேறு ஊர்களில் சுற்றுகிற வேலையில் இருப்பது. மாப்பிள்ளை வீட்டில் இல்லாத நாட்களில் அவள் சோறு வைப்பதில்லை, ரொட்டியைக் கடித்துக்கொண்டு படுத்துவிடுகிறாள் என்பது. இதெல்லாம் அவருக்குப் புதுச் செய்தி. மகளைப் பெற்று வளர்த்து அனுப்பிய பிறகு இப்போதுதான் அவளோடு பழக ஆரம்பித்தது போலிருந்தது.

மத்தியானமே அவருக்கு ஒரு பரபரப்பு வந்துவிடும். சட்டையைத் தேய்த்து வைப்பார். சாயங்காலம் குளித்து, தலை வாரி, சர்க்கரை டப்பாவைத் துடைத்து, எதிரே உட்கார்ந்துகொள்வார்.

மூன்றாவது இன்டர்வியூ ஒரு ஆஸ்பத்திரியில். துணி, பஞ்சு, கையுறை, ஊசி, படுக்கை விரிப்பு எல்லாம் வைக்கிற ஸ்டோருக்கு ஆள் வேண்டும். மாடியில் ஒரு சின்ன அறை. நிர்வாகம் பார்க்கிற அம்மாள் கடுமையான ஜலதோஷத்தோடு உட்கார்ந்திருந்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, “உங்களைப் பத்திச் சொல்லுங்க,” என்றார்.

இவருக்குக் கை தானாக மடிக்குப் போயிற்று. அந்த அம்மாளின் முகத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக, மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துத்தான் பேச ஆரம்பித்தார். வீட்டில் போன் இருக்கிற உயரம் அது. பாட்டிலுக்குப் பின்னால் மகள் காய் நறுக்கிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டார். ஸ்டோர் வேலை எனக்குத் தெரியும் என்றார். மழைக் கதையைச் சொன்னார். எதற்காக வந்தேன் என்பதையும் சொன்னார்: ஒரு தொழிற்சாலையில் சாமான் வர ஒரு நாள் தாமதமானால் ஒரு ஃபேன் ஒரு நாள் தாமதமாகும், ஆஸ்பத்திரியில் அப்படி இல்லை, அதனால் இங்கே கவனமான ஆள் தேவைப்படும் என்று நினைத்தேன்.

“இல்லாத சாமானைக் கேட்டு நர்ஸ் வந்து நின்னா?”

“எப்ப வரும்னு சொல்லி அனுப்புவேன் மேடம். வெறுமே இல்லைன்னு சொல்ல மாட்டேன்.”

அந்த அம்மாள் சிரித்தார். சிரிப்பு தும்மலில் முடிந்தது. “இதுக்கு முன்னாடி இருந்தவர் இல்லைன்னுகூடச் சொல்ல மாட்டார். தலையை மட்டும் ஆட்டுவார். அது ஆமாவா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை வந்துடுங்க.”

படியிறங்கும்போது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வழியில் ஒரு கடையில் டீ குடித்தார். டீக்கடைக்காரரிடம் “வேலை கிடைச்சிருக்கு” என்று சொல்லிவிட்டார். அவர் “அப்படியா, நல்லது” என்று சொல்லி அடுத்த ஆளைக் கவனித்தார். சாயங்காலம் வரட்டும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். சாயங்காலம் மகளிடம் எப்படிச் சொல்வது, உடனே சொல்லிவிடுவதா, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கொஞ்சம் விளையாட்டுக் காட்டிவிட்டுச் சொல்வதா என்று கணக்குப் போட்டார்.

போன் வந்தது. அவள் முகம் முழுக்கச் சிரிப்பு.

“அப்பா, இன்னிக்கு உங்களுக்கு ஒண்ணு கொண்டு வந்திருக்கேன். எங்க மேனேஜர் வயசானவங்களை இன்டர்வியூ எடுக்கறப்ப கேட்கிற கேள்வியெல்லாம் வாங்கி வச்சிருக்கேன். இந்த வாரம் முழுக்க நமக்கு வேலை இருக்கு. ஆமா, ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?”

இந்த வாரம் முழுக்க என்று அவள் சொன்னது அவர் காதில் விழுந்தது. அதற்கு அடுத்த வாரமும் கண்ணில் தெரிந்தது: ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, வைக்கட்டுமா.

“இன்னும் ஒண்ணும் சொல்லல பாப்பா,” என்றார்.

சொன்ன பிறகு அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அவள் அதற்குள் முதல் கேள்வியைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தார். தரைத்தளத்தில், ஜன்னலில்லாத நீள அறை. உயரமான ரேக்குகள். முந்தைய ஆள் எல்லாவற்றையும் எங்கெங்கோ அடைத்துவைத்திருந்தார். பஞ்சுக்கு நடுவில் விளக்குமாறு கிடந்தது. வேலை இருந்துகொண்டே இருந்தது. ஆனால் பேச்சு என்று பார்த்தால் பழைய கதைதான். நர்சுகள் ஓட்டமாக வந்து, சீட்டை நீட்டி, சாமானை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். மத்தியானம் உணவறையில் டாக்டர்கள் ஒரு பக்கம், நர்சுகள் ஒரு பக்கம், லாண்டரி ஆட்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். ஸ்டோருக்கென்று ஒரு பக்கம் கிடையாது. இவர் குழாய்க்கு அருகில் இருந்த மேஜையில் தனியாகச் சாப்பிட்டார்.

வேலை முடிந்ததும் பஸ்ஸைப் பிடித்து அரக்கப்பரக்க வீட்டுக்கு வருவார். ஆஸ்பத்திரி அடையாள அட்டையைக் கழற்றி அலமாரிக்குள் போடுவார். மருந்து வாசனை அவளுக்கு அங்கே தெரியாது என்று தெரிந்தும் சட்டையை மாற்றிக்கொள்வார். சர்க்கரை டப்பாவின் எதிரே உட்காருவார்.

“இன்னிக்கு என்னப்பா பண்ணீங்க?”

“என்ன பண்றது. வீட்லதான் இருந்தேன்.”

பொய் நாளுக்கு நாள் கனத்தது. விளையாட்டாகச் சொல்லிச் சிரிக்க வேண்டிய நாள் தாண்டிப்போயிற்று. போதாக்குறைக்கு, நிஜமாகவே வேலைக்குப் போய்க்கொண்டிருந்ததால் அவர் பேச்சு தினமும் மெருகேறிக்கொண்டு வந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னார். மகளுக்கு அது பிடிபடவில்லை.

“இவ்வளவு நல்லாப் பேசறீங்க. ஏன் எடுக்க மாட்டேங்கறாங்க? அந்த ஆஸ்பத்திரி நம்பரைக் குடுங்க, நான் பேசறேன்.”

“அதெல்லாம் வேண்டாம் பாப்பா. நல்லா இருக்காது.”

“வயசைப் பார்த்து ஒதுக்கறாங்களா? அப்படின்னா அது தப்பு. நான் விட மாட்டேன்.”

அவளைச் சமாதானப்படுத்துவதற்கு இன்னும் இரண்டு இன்டர்வியூக்களுக்குக் கற்பனையாகப் போய்வந்தார். இரண்டிலும் தோற்றார். அதைச் சொன்ன நாட்களில் அவள் முகம் வாடியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நாளைக்குச் சொல்லிவிடுவோம் என்று நினைப்பார். மறுநாள் அவள் கூப்பிட்டதும், இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு என்பார்.

ஒரு நாள் அவள் போனை எதிலும் சாய்த்துவைக்கவில்லை. கையிலேயே பிடித்திருந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

“அப்பா, போதும்ப்பா. இனிமே நீங்க எங்கேயும் போய் நிக்க வேண்டாம்.”

“ஏன், என்ன ஆச்சு?”

“நான் சொல்லிக்குடுத்ததுதான் தப்புன்னு நினைக்கறேன். நீங்க இருக்கற மாதிரியே போயிருந்தா யாராவது எடுத்திருப்பாங்க. நான்தான் இப்படிப் பேசு, அப்படிப் பேசுன்னு உங்களை என்னமோ மாதிரி ஆக்கிட்டேன். இந்த வயசுல உங்களை ஒவ்வொரு இடமா அலைய வச்சு, எல்லாரும் வேண்டாம் வேண்டாம்னு சொல்றதைக் கேட்க வச்சிட்டேன்.” அவள் போனை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். “விட்டுடலாம். இந்த வேலையும் வேண்டாம், இன்டர்வியூவும் வேண்டாம்.”

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பாப்பா, எனக்கு வேலை கிடைச்சிடுச்சு.”

“என்னது?”

“ஆஸ்பத்திரியில. போய்க்கிட்டிருக்கேன்.”

“எப்பலேர்ந்து?”

“மூணு வாரமா.”

அவள் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து அவரைப் பார்த்தாள். இன்டர்வியூவுக்கு வந்தவனின் சான்றிதழ் பொய் என்று தெரிந்தால் அவள் இப்படித்தான் பார்ப்பாளோ என்று அவருக்குத் தோன்றியது.

“அப்ப அந்த ரெண்டு இன்டர்வியூ?”

“போகல.”

“ஏன்ப்பா? ஏன் சொல்லல?”

எத்தனையோ கேள்விகளுக்கு அவள் அவருக்குப் பதில் பழக்கியிருந்தாள். இதற்கு இல்லை. மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “சொன்னா நீ கூப்பிட மாட்டியே.”

அவள் முகம் மாறியது. கோபமா, அழுகையா என்று அவர் கண்டுபிடிப்பதற்குள் படம் போய்விட்டது. மறுபடி வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

மறுநாளும் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அவர் வழக்கம்போல ஓடிவந்து, சட்டை மாற்றி, உட்கார்ந்து பார்த்தார். பிறகு ஓடிவருவதை நிறுத்தினார். வேலை முடிந்த பிறகும் ரேக்குகளுக்கு நடுவே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தாமதமான பஸ்ஸில் வந்தார். வீட்டுக் கதவைத் திறந்து விளக்குப் போடும்போது, ‘நான்தான்’ என்று ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப்பார்த்தார். சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டில் யாருக்காவது கேட்டிருக்குமோ என்று கூச்சப்பட்டுக்கொண்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. படமில்லை, வெறும் குரல்.

“சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு.”

“மாத்திரை?”

“போட்டேன்.”

“வேலை எப்படி இருக்கு?”

“பரவாயில்ல. ஸ்டோரை ஒழுங்குபடுத்திட்டேன். விளக்குமாறுக்குத் தனி இடம் போட்டாச்சு.”

அவள் சிரிக்கவில்லை. “நான் எவ்வளவு கவலைப்பட்டேன் தெரியுமா? உங்களை இங்க கூட்டிட்டு வந்துடணும்னு உங்க மாப்பிள்ளைகிட்ட சண்டை போட்டேன். அவரும் பாவம், சரின்னு சொல்லிட்டு விசாவுக்கு விசாரிக்கப் போயிட்டார்.”

“தப்புதான் பாப்பா.”

“தினம் ஒரு தடவை சும்மா கூப்பிடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“அது எப்படிச் சொல்றது?”

“வாயாலதான்.”

அங்கே எங்கோ ஒரு வண்டி ஹாரன் அடித்தது கேட்டது. பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். “சொல்லியிருந்தாலும் கூப்பிட்டிருப்பேனான்னு தெரியலப்பா. ரெண்டு நாள் கூப்பிட்டிருப்பேன். அப்புறம் ஆபீஸ், அது இதுன்னு விட்டுப் போயிருக்கும். உண்மையைச் சொல்லணும்ல.”

“தெரியும். அதுல உன் தப்பு ஒண்ணும் இல்ல.”

“வைக்கட்டுமா?”

“வை.”

அதற்குப் பிறகு அவள் வாரத்துக்கு இரண்டு முறை கூப்பிட ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமையும், நடுவில் ஏதாவது ஒரு நாளும். முகம் பார்த்தும் பேசினாள். ஆனால் இன்டர்வியூ இல்லாமல் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. முன்பு அவள் கேள்வி கேட்கும்போது மேனேஜராக இருந்தாள், இவர் பதில் சொல்லும்போது வேலை தேடுகிற ஆளாக இருந்தார். அந்த வேஷத்தில் எதை வேண்டுமானாலும் கேட்க முடிந்தது, சொல்ல முடிந்தது. இப்போது அப்பாவும் மகளுமாக எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, மழை பெய்ததா, வெயிலா என்று கேட்டுக்கொண்டார்கள். அப்படியும் அவள் கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, குளித்து, அடுப்பில் உலை வைத்தார். அவள் கூப்பிடுகிற நாள் இல்லை. அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தவர் போனை எடுத்தார். இத்தனை வருஷத்தில் அவராக அவளைக் கூப்பிட்டது ஒரே ஒரு தடவைதான், அவள் அம்மா போன அன்று. அங்கே அவள் என்ன வேலையாக இருப்பாளோ, தொந்தரவு ஆகுமோ என்று விட்டுவிடுவார். நம்பரை எடுப்பதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. மணி அடித்தது.

“அப்பா?” அவள் குரல் பதறியிருந்தது. “என்னப்பா, உடம்புக்கு ஏதாவதா? எங்க இருக்கீங்க?”

“வீட்லதான். நல்லாத்தான் இருக்கேன். சும்மா கூப்பிட்டேன்.”

“சும்மாவா?”

“ஆமா. சும்மாதான்.”

அவள் மூச்சு விட்டாள். “பயந்தே போயிட்டேன். கடையில இருக்கேன்ப்பா. பில் போடற வரிசையில நிக்கறேன்.”

“அப்படின்னா வச்சிடறேன். நீ பாரு.”

“வைக்காதீங்க. முன்னாடி ரெண்டே பேருதான். லைன்லயே இருங்க, வந்துடறேன்.”

அவர் சரி என்றார். அவள் போனைப் பையிலோ எங்கோ போட்டுக்கொண்டாள் போலிருக்கிறது. சரசரவென்று ஒரு சத்தம். பிறகு அந்தக் கடை முழுவதும் அவர் காதுக்குள் வந்தது. ஏதோ ஒரு இயந்திரம் ஒவ்வொரு சாமானுக்கும் பீப் பீப் என்றது. யாரோ ஒரு குழந்தை எதையோ வேண்டும் என்று அடம்பிடித்தது. தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது. அதற்கு எண்ணெய் விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். ஒரு ஆண் குரல் புரியாத பாஷையில் ஏதோ கேட்க, மகள் அதே பாஷையில் பதில் சொல்லிச் சிரித்தாள். அவள் அந்தப் பாஷையில் பேசி அவர் கேட்டதே இல்லை. குரல் வேறு யாருடையதோ போல, கொஞ்சம் உயர்ந்து, தைரியமாக இருந்தது.

உலை கொதித்தது. ஒரு கையால் தீயைக் குறைத்துவிட்டு, அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.